பழைய வால்வு அம்பிளிபயர் உறுமினால்: முதன்முறை திறப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பெரியப்பாவின் அம்பிளிபயர் கோவில் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஓடியது. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது அதைத் துணியில் சுற்றிப் பறணில் ஏற்றினார்கள். அண்மையில் நான் இறக்கித் திறந்தபோது, மின்மாற்றிக்கும் வால்வுச் சொக்கெற்றுக்கும் இடையே குளவி கட்டிய மண்கூடு கட்டியாக இருந்தது. துப்புரவாக்கி மின்சாரம் கொடுத்தேன். பாட்டு வந்தது. பாட்டுக்குக் கீழே ‘ம்ம்ம்’ என்று ஓயாத உறுமலும் வந்தது.

அதை நிறுத்த எனக்கு ஏழு மாதங்கள் எடுத்தன. வால்வுதான் கிழடாகிவிட்டது என்று நினைத்து வெளிநாட்டிலிருந்து வால்வுகள் எடுப்பித்தேன். 28,000 ரூபா போனது. உறுமல் அப்படியே இருந்தது. கடைசியில் பிழை இரண்டு இடங்களில் இருந்தது: சில நூறு ரூபா பெறுமதியான கொண்டென்சர் (மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு) ஒன்று, உப்புக் காற்றில் பூத்துப்போன ஏர்த் இணைப்பு ஒன்று. நான் போன சுற்றுவழியில் நீங்கள் போகவேண்டாம் என்பதற்காக, செய்யவேண்டிய ஒழுங்கில் எழுதுகிறேன். ஒழுங்கை மாற்றாதீர்கள்.

இது மின்மாற்றி உள்ள அம்பிளிபயர்களுக்கானது. என்னுடையதில் இரண்டு ஈஎல்84 (ஸ்பீக்கரை ஓட்டும் வெளியீட்டு வால்வுகள்), இரண்டு ஈசிசி83 (முன் கட்ட வால்வுகள்), ஒரு ஈஸெட்81 ரெக்டிஃபையர் (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் வால்வு). வால்வுகளின் பெயர் ‘யூ’ என்ற எழுத்தில் தொடங்கினால் (யூஎல்84, யூசிஎல்82 போன்றவை) நிறுத்துங்கள். அவற்றில் பல மின்மாற்றி இல்லாமல் நேரே வீட்டு மின்சாரத்தில் (மெயின்ஸில்) ஓடுபவை. உலோகச் சட்டத்திலேயே (சேசிஸில்) 230 வோல்ற் நிற்கக்கூடும். அதை அனுபவம் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

1. முதலில் உயிர்

வால்வு அம்பிளிபயருக்குள் 300 முதல் 450 வோல்ற் வரை நேர்மின்னோட்டம் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் கொண்டென்சர்களில் அது தங்கி நிற்கும். வீட்டில் ட்ரிப் சுவிச் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் உயர் வோல்ற்றை மின்மாற்றி மெயின்ஸிலிருந்து பிரித்து வைத்திருப்பதால், நீங்கள் அதில் பிடிபட்டாலும் ட்ரிப் சுவிச் விழாது.

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிச்சை மட்டும் அணைப்பது போதாது. 10,000 ஓம், 10 வாற் தடையி ஒன்றின் இரு முனைகளிலும் உறையிட்ட வயரும் கிளிப்பும் பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பை முதலில் சேசிஸில் பிடியுங்கள். மற்றதை ஒவ்வொரு பெரிய கொண்டென்சரின் நேர்முனையிலும் பத்து விநாடி வையுங்கள். பிறகு மீற்றரால் அளந்து, 5 வோல்ற்றுக்குக் கீழே வந்ததை உங்கள் கண்ணால் பார்த்த பின்பே கையை உள்ளே வையுங்கள். ஸ்குரூ ட்ரைவரால் குறுக்கே தட்டி வெளியேற்றுவதைப் பலர் காட்டுவார்கள். அது கொண்டென்சரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து.

மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வையுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும். தனியாக இருக்கும்போது இந்த வேலையைச் செய்யாதீர்கள். நான் அளந்த நாட்களில் தங்கை வாசலில் கதிரை போட்டு, மெயின் சுவிச்சைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

இன்னொன்று: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அம்பிளிபயரை ஒருபோதும் போடாதீர்கள். வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோனால் அதற்கு மாற்று கிடைப்பது மிகக் கடினம்.

2. கையில் இருக்கவேண்டிய தாள்கள்

சுற்றுப்படம் இல்லாமல் தொடங்காதீர்கள். பல அம்பிளிபயர்களில் அடித்தட்டின் உட்பக்கத்தில் அது ஒட்டப்பட்டிருக்கும். கரப்பான் தின்னாமல் விட்ட பகுதியையாவது படம் எடுங்கள். இல்லையென்றால் மாதிரி இலக்கத்தைக் கொண்டு தேடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் நீங்களே வரையுங்கள். எனக்கு இரண்டு மாலைகள் எடுத்தன. வரைந்தபோதுதான் எந்த வயர் எங்கே போகிறது என்பதே எனக்குப் புரிந்தது.

எதையும் தொடமுதல் எல்லாப் பக்கங்களிலிருந்தும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள், இருபது முப்பது என்றாலும் பரவாயில்லை. ஒரு கொப்பியில் திகதி போட்டு, எந்த மாற்றத்தைச் செய்தீர்கள், உறுமல் கூடியதா குறைந்ததா என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது மருந்து என்று தெரியாது.

3. நெடுநாள் தூங்கிய அம்பிளிபயரை எழுப்புதல்

பல ஆண்டுகள் ஓடாத அம்பிளிபயரை நேரே பிளக்கில் போடாதீர்கள். 60 வாற் இழைக் குமிழ் ஒன்றை மெயின்ஸ் வயருடன் தொடராக இணைத்து, அதன் வழியே மின்சாரம் கொடுங்கள். எல்ஈடி குமிழ் இதற்கு உதவாது. பழைய இழைக் குமிழ்தான் வேண்டும். குமிழ் ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. ரெக்டிஃபையர் வால்வு சூடேறும் அரை நிமிடத்துக்குள் மீண்டும் சற்றுப் பிரகாசிக்கும், அது இயல்பு. முழுப் பிரகாசத்தில் நின்றுவிட்டால் உள்ளே எங்கோ குறுக்குச் சுற்று இருக்கிறது; உடனே அணையுங்கள். சோதனை முடிந்ததும் குமிழை நீக்கிவிடுங்கள். அதன் வழியே ஓடும்போது எடுக்கும் அளவுகள் எல்லாம் குறைவாகத்தான் காட்டும்.

பியூஸையும் அப்போதே பாருங்கள். என்னுடையதில் சிகரெட் பெட்டித் தாள் சுற்றியிருந்தது. சேசிஸில் எழுதியுள்ள அளவில் புதியதைப் போடுங்கள். மின்மாற்றியில் 210, 220, 240 என்று தெரிவுகள் இருந்தால் 240 இல் வையுங்கள். வால்வின் சூடாக்கி இழைக்கு 6.3 வோல்ற் வரவேண்டும், 6.8 வந்தால் தெரிவு பிழை.

4. கேளுங்கள்

சுன்னாகத்தில் முன்னர் றேடியோ திருத்திய ஐயா ஒருவரிடம் என் அம்பிளிபயரைக் கொண்டுபோனபோது அவர் ஸ்குரூ ட்ரைவரைக் கையில் எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கேட்டார். “தம்பி, மாற்றுவதற்கு முதல் கேளும். அது எங்கே நோகிறது என்று தானே சொல்லும்” என்றார். அந்த ஐந்து நிமிடம் எனக்கு முன்பே கிடைத்திருந்தால் 28,000 ரூபா மிஞ்சியிருக்கும்.

நம் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். முழு அலை ரெக்டிஃபையர் அதை இரட்டிப்பாக்கி 100 ஹெர்ட்ஸ் ஆக்குகிறது. ஆகவே உங்கள் காதுக்கு வரும் சத்தம் எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்பதே பாதி விடை.

50 ஹெர்ட்ஸ், அதாவது மிக அடியில் நெஞ்சில் உணரும் உறுமல் என்றால், சூடாக்கி வயர்கள், ஏர்த் இணைப்பு, அல்லது உள்ளீட்டு வயர் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். 100 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி மேலே, என்றால் மின்வழங்கியின் (வால்வுகளுக்கு நேர்மின்னோட்டம் கொடுக்கும் பகுதியின்) கொண்டென்சர்கள். அடியில் கனமில்லாமல் வண்டு இரைவதுபோல் கூர்மையாக வந்தால், அது பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. கைத்தொலைபேசியில் ஒலி எழுப்பும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, 50 ஐயும் 100 ஐயும் நல்ல ஹெட்போனில் மாறி மாறிக் கேட்டுப் பழகுங்கள். தொலைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் 50 கேட்காது.

இன்னொரு கேள்வி: சத்தம் உண்மையில் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறதா? நீண்ட வயர் போட்டு ஸ்பீக்கரை அடுத்த அறையில் வையுங்கள். அம்பிளிபயர் இருக்கும் இடத்திலேயே சத்தம் நின்றால் அது மின்மாற்றியின் தகடுகள் அதிர்வது. போல்ற்றுகளை இறுக்குங்கள், அதற்கு மேல் உள்ளே தேடவேண்டாம்.

5. வீட்டைச் சந்தேகித்தல்

இது செலவில்லாத படி. பலர் தாண்டிவிடுவார்கள். உள்ளீட்டில் ஒன்றையும் இணைக்காமல் வைத்து, பகிர்வுப் பெட்டியில் மற்ற எல்லாச் சுற்றுகளையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். எங்கள் வீட்டில் இரைச்சலில் ஒரு பங்கு சீலிங் ஃபேன் ரெகுலேட்டரிலிருந்து வந்தது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் குறையும், இரண்டாம் இலக்கத்தில் வைத்தால் கூடும். எல்ஈடி விளக்குகள், தொலைபேசிச் சார்ஜர், சோலார் இன்வேட்டர் எல்லாமே இப்படிச் செய்யக்கூடியவை.

பாட்டுக்குத் தொலைபேசியையோ மடிக்கணினியையோ இணைக்கிறீர்களா? சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் அது இரண்டு ஏர்த் வழிகளால் உண்டாகும் வளையம். இடையில் 1:1 ஒலி மின்மாற்றி ஒன்றைப் போட்டால் தீரும். இந்த இடத்தில்தான் மிக ஆபத்தான அறிவுரை வரும்: பிளக்கின் ஏர்த் வயரை வெட்டிவிடு, உறுமல் போய்விடும் என்பார்கள். போகவும் கூடும். ஆனால் உள்ளே ஒரு வயர் கழன்று சேசிஸில் பட்டால், அதற்குப் பிறகு அந்த மைக்கைப் பிடிக்கும் ஆள் உயிரோடு இருக்கமாட்டார். திருவிழாவில் மைக் பிடிப்பது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். வெட்டாதீர்கள்.

பழைய அம்பிளிபயர்களில் இரண்டு வயர் மட்டும் உள்ள மெயின்ஸ் கேபிள் இருந்தால், மூன்று வயர் கேபிளுக்கு மாற்றி, பச்சை வயரைச் சேசிஸில் தனிப் போல்ற்றில் இறுக்குங்கள். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் சிறிய கொண்டென்சர் ஒன்று இருந்தால் அதை வெட்டி எடுங்கள். அது கசிந்தால் சேசிஸ் கையைப் பிடிக்கும். திரும்பப் போடவேண்டுமென்றால் ‘வை2’ (இந்த இடத்துக்கான பாதுகாப்பு வகை) என்று அச்சிட்டதையே போடுங்கள். பழைய வீடுகளில் சுவர்ச் சொக்கெற்றில் மூன்று துளை இருந்தும் ஏர்த் வயர் எங்கும் போகாமல் நிற்பது உண்டு. மின்னிணைப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டு அதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

6. எந்தக் கட்டத்தில் பிழை என்று ஒதுக்குதல்

சத்தக் குமிழை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, திருப்புங்கள். உறுமல் அதோடு கூடிக் குறைந்தால் பிழை குமிழுக்கு முன்னால்: உள்ளீட்டுச் சொக்கெற், முதல் வால்வு, அவற்றின் வயர்கள். குமிழ் எங்கே நின்றாலும் உறுமல் மாறாவிட்டால் பிழை அதற்குப் பின்னால் அல்லது மின்வழங்கியில்.

அடுத்து, அணைத்து, பிளக்கைக் கழற்றி, வால்வு ஆறியதும் முதல் ஈசிசி83 ஐக் கழற்றிவிட்டு மீண்டும் போட்டுக் கேளுங்கள். உறுமல் நின்றால் பிழை அந்தக் கட்டத்தில். நிற்காவிட்டால் இரண்டாவதையும் கழற்றுங்கள். வெளியீட்டு வால்வுகள் மட்டும் இருக்கும்போதும் உறுமினால், நேரே 7 ஆம் படிக்குப் போங்கள். இரு வெளியீட்டு வால்வுகளில் ஒன்று தளர்ந்திருந்தாலும் இப்படி நடக்கும். இரண்டும் சமமாக இழுத்தால்தான் மின்வழங்கியின் அலையை ஒன்றையொன்று அழிக்கும். ஆனாலும் கொண்டென்சரைப் பார்க்காமல் வால்வு வாங்கப் போகாதீர்கள்.

வால்வைச் சந்தேகிக்கிறீர்களா? ஒரு சதமும் செலவில்லாத சோதனை இருக்கிறது. இரண்டு ஈசிசி83 களையும் இடம் மாற்றிப் போடுங்கள். உறுமலின் அளவு மாறினால் வால்வில் பிழை, பெரும்பாலும் சூடாக்கி இழைக்கும் கதோட்டுக்கும் (அந்த இழை சூடாக்கும் முனை) இடையே கசிவு. மாறாவிட்டால் வால்வு நல்லது. நான் இதைச் செய்யாமலே வாங்கினேன்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு, குருநகர், பருத்தித்துறை, தீவுப்பகுதி ஆட்களுக்கு, ஒரு சொல்: வால்வுக் கால்களையும் சொக்கெற்றுகளையும் முதலே துப்புரவாக்குங்கள். உப்புக் காற்று அவற்றில் பச்சை பூக்க வைக்கும். கொண்டாக்ட் கிளீனர் அடித்து, வால்வைப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். சொக்கெற்றில் நேரே கத்தியால் சுரண்டினால் பிடி தளர்ந்துவிடும்.

7. கொண்டென்சர்கள்

பாடப் புத்தகத்தில் கொள்ளளவி என்று படித்திருப்பீர்கள். மின்வழங்கியில் இருக்கும் பெரிய மின்பகு கொண்டென்சர்களுக்குள் ஈரமான திரவம் இருக்கிறது; சூட்டிலும் காலத்திலும் அது காய்ந்துவிடும். காய்ந்தால் 100 ஹெர்ட்ஸ் அலையை விழுங்கமாட்டாது. நாற்பது வயதைத் தாண்டியது என்றால் சோதனை வேண்டாம், மாற்றிவிடுங்கள் என்பதே என் கருத்து. அடியில் கறுத்த பசை, மேலே வீக்கம் இருந்தால் விவாதமே இல்லை.

ஆனாலும் உறுதிப்படுத்த ஆசைப்பட்டால்: பிளக்கைக் கழற்றி, கொண்டென்சர்களை வெளியேற்றி, சந்தேகப்படும் கொண்டென்சருக்கு இணையாகப் புதிய 47 மைக்ரோபரட் 450 வோல்ற் ஒன்றைக் கிளிப்பால் பிடித்துவிட்டு, பிறகு மின்சாரம் கொடுங்கள். உறுமல் சட்டென்று தணிந்தால் திருடன் பிடிபட்டான். ஓடும்போது கிளிப்பைத் தொடாதீர்கள். கழற்றும்போது இரண்டையும் மீண்டும் வெளியேற்றுங்கள்.

அளந்தும் பார்க்கலாம். மீற்றரை மாறுமின்னோட்ட (ஏசி) வோல்ற் அளவில் வைத்து, 0.1 மைக்ரோபரட் 630 வோல்ற் கொண்டென்சர் ஒன்றின் வழியே அளந்தால் நேர்மின்னோட்டம் கலக்காது. என்னுடையதைப்போன்ற அம்பிளிபயரில் முதல் கொண்டென்சரில் 5 முதல் 10 வோல்ற் அலை இருப்பது இயல்பு. பயப்படாதீர்கள். ஈசிசி83 களுக்குப் போகும் கடைசிக் கொண்டென்சரில் மில்லிவோல்ற் கணக்கில்தான் இருக்கவேண்டும். என்னுடையதில் அங்கே அரை வோல்ற் நின்றது.

மாற்றும்போது விழும் குழிகள் இவை.

பெரிதாகப் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். ரெக்டிஃபையர் வால்வுக்கு அடுத்துள்ள முதல் கொண்டென்சருக்கு மேல் எல்லை உண்டு: ஈஸெட்81 க்கு 50 மைக்ரோபரட், ஜிஸெட்34 என்ற ரெக்டிஃபையர் வால்வுக்கு 60. அங்கே 100 போட்டால் வால்வு தீப்பொறி விட்டுச் சாகும். பழைய 32 க்குப் பதில் இன்றைய 33 அல்லது 47 போதும். வோல்ற் 450 இற்குக் குறையக்கூடாது. 105 பாகை என்று எழுதியதை எடுங்கள்.

முனை மாறினால் வெடிக்கும். கிரிட்டுக்கு (வால்வின் கட்டுப்பாட்டு முனை) எதிர் வோல்ற் கொடுக்கும் தனி வழங்கி இருந்தால் அங்கே கொண்டென்சரின் நேர்முனைதான் சேசிஸுக்குப் போகும். பழக்கத்தில் மாற்றி வைத்துவிடாதீர்கள்.

ஒரே குவளைக்குள் இரண்டு மூன்று கொண்டென்சர்கள் இருக்கும் பழைய வகைக்கு மாற்றுக் கிடைப்பது அரிது. குவளையை அழகுக்கு அப்படியே விட்டு, அதன் கால்களில் வரும் எல்லா வயர்களையும் கழற்றி, அடியில் ஒரு தாக்குப் பட்டியில் (ஈயம் வைக்கும் சிறு கால்கள் வரிசையாக உள்ள பட்டி) புதியவற்றைப் பொருத்துங்கள். பழையதை இணையாகத் தொங்கவிடக்கூடாது. அது கசிந்து புதியதையும் இழுத்துவிடும்.

வாங்கும்போது பழைய தொலைக்காட்சிப் பலகையிலிருந்து கழற்றியதை வாங்காதீர்கள். சின்ன விரல்நுனி அளவில் ‘47 மைக்ரோபரட் 450 வோல்ற்’ என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். இங்கே கடையில் இல்லாவிட்டால் கொழும்பு புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் கிடைக்கும். போகிறவர் யாரிடமும் அளவைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், வாயால் சொன்னால் பிழையாக வரும்.

8. சூடாக்கி வயர்களும் ஏர்த்தும்

கொண்டென்சர் மாற்றிய பின் என் உறுமல் முக்கால் பங்கு போனது. மிஞ்சியது ஒரு ஸ்தாயி கீழே, 50 ஹெர்ட்ஸ்.

சூடாக்கி வயர்கள் இரண்டும் கயிறுபோல் இறுக்கி முறுக்கி, சேசிஸின் மூலையை ஒட்டிப் போகவேண்டும். கிரிட் வயர்களுக்குக் குறுக்காக வேண்டுமானால் போகலாம், பக்கமாக ஓடக்கூடாது. மின்மாற்றியின் சூடாக்கிச் சுற்றுக்கு நடு வயர் இல்லையென்றால், இரு பக்கங்களிலிருந்தும் தலா 100 ஓம், அரை வாற் தடையியைச் சேசிஸுக்குப் போடுங்கள். நடு வயரோ, சூடாக்கியின் ஒரு பக்கமோ ஏற்கெனவே ஏர்த்துக்குப் போயிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஒரு பக்கம் நேரே ஏர்த்தில் நிற்க 100 ஓமும் போட்டால் பயனில்லை.

ஏர்த்தில் என்னுடைய பிழை கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளீட்டுச் சொக்கெற்றின் ஏர்த், சேசிஸில் ஒரு ஸ்குரூவோடு பிடிபட்டிருந்தது. மேலே பார்த்தால் இறுக்கமாக இருந்தது. ஸ்குரூவைக் கழற்றிய போது வளையத்தின் அடியில் வெள்ளைப் பூப்பு, உப்பளத்துத் தரைபோல. மீற்றரில் 14 ஓம் காட்டியது. இருக்கவேண்டியது ஒன்றுக்கும் கீழே. மணல்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, பல்வளையம் போட்டு இறுக்கினேன். எல்லா ஏர்த் வயர்களையும் இப்படி ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். சேசிஸில் நேரே ஈயம் வைக்க 40 வாற் அயன் போதாது. சூடு பரவிப் போய் ஈயம் ஒட்டாமல் மேலே உருண்டு நிற்கும். 80 வாற்றாவது வேண்டும்.

9. செலவும் காலமும்

எனக்கு உண்மையில் தேவைப்பட்டவை: கொண்டென்சர், தடையி, தாக்குப் பட்டி எல்லாம் 3,500 ரூபா, மூன்று வயர் கேபிளும் பிளக்கும் 1,500, கொண்டாக்ட் கிளீனர் 1,500. மீற்றர் இல்லாதவர்கள் 4,000 சேர்த்துக்கொள்ளுங்கள். 600 வோல்ற் தாங்கும் என்று எழுதிய மீற்றரும் அதன் வயர்களின் நுனியில் உள்ள அளக்கும் முள்ளும் வேண்டும். விலை மாறிக்கொண்டிருப்பதால் இதை ஓர் அளவாக மட்டும் எடுங்கள்.

வேலைக்கு இரண்டு சனி ஞாயிறுகள் போதும்: முதலாவது கேட்டு ஒதுக்க, இரண்டாவது மாற்ற. வால்வு உண்மையிலேயே வேண்டுமென்று 6 ஆம் படி சொன்னால், லண்டனிலோ கனடாவிலோ இருந்து வரும் உறவினர் கையில் கொண்டுவருவதே நல்ல வழி. கையிலெடுக்கும் பையில், துணிக்கு நடுவில். பார்சலில் எடுத்தால் எனக்கு ஐந்து வாரங்கள் ஆனது. கடையின் விலைப்பட்டியல் பார்சலுக்கு வெளியே ஒட்டப்படவேண்டும் என்று முன்பே எழுதிக் கேளுங்கள். ‘ஒலிபெருக்கி உதிரிப்பாகம், கண்ணாடி வால்வு’ என்று பொருளின் பெயர் தெளிவாக இருக்கட்டும். அறிவித்தல் தாள் வந்ததும் அதனுடன் அடையாள அட்டை, அதன் பிரதி, பணம் செலுத்திய பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சுங்க வரிக்குக் கையில் காசு இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் அன்றே போட்டுப் பாருங்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு பார்சல் வழியிலேயே பாதி போயிருக்கும்.

10. கடைசிச் சோதனை

மூடியை உடனே போடாதீர்கள். இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, வெளிச்சத்தை அணைத்துவிட்டு வெளியீட்டு வால்வுகளைப் பாருங்கள். உள்ளே தகடு சிவந்தால் உடனே அணையுங்கள். பெரும்பாலும் முன் கட்டத்திலிருந்து வரும் பழைய மெழுகுக் கொண்டென்சர் கசிகிறது என்று பொருள். அதற்கு அதே அளவில் 630 வோல்ற் பொலியெஸ்டர் வகையைப் போடவேண்டும். பிறகு அணைத்து, வெளியேற்றி, மின்மாற்றியின் மேல் கை வையுங்கள். வைத்த கையை எடுக்காமல் இருக்க முடியவேண்டும்.

இரவு பத்து மணிக்குப் பிறகு, தெரு அடங்கியதும், உள்ளீட்டுச் சொக்கெற்றின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து மூடி, சத்தக் குமிழைப் பாதியில் வைத்து, ஸ்பீக்கரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று கேளுங்கள். காதை ஸ்பீக்கர்த் துணியில் ஒட்டினால் மெல்லிய உறுமல் கேட்கும். வால்வு அம்பிளிபயரில் அவ்வளவு இருக்கலாம். ஒரு முழத்தில் கேட்கக்கூடாது. கேட்டால் கொப்பியைத் திறந்து, 50 ஆ 100 ஆ என்று எழுதி, 4 ஆம் படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.